செவலை இட்ட முட்டை

இன்று காலை கோழிக்கூட்டின் பழைய உமியை அள்ளிக்கொண்டிருந்தபோது, மூலையில் ஒரு முட்டை இளஞ்சூட்டோடு கிடந்தது.

ஓடு சொரசொரப்பாக, ஒரு முனையில் சுண்ணாம்புத் துளி காய்ந்ததுபோல் புள்ளிகளோடு இருந்ததால், அது செவலை இட்டது என்று உடனே தெரிந்துவிட்டது.

செவலைக்கு இந்தத் தையோடு ஐந்து வயது முடிந்துவிட்டது.

பண்ணைகளில் முட்டைக்கோழியை ஏறத்தாழ 72 முதல் 80 வாரங்களுக்குள் கழித்துவிடுவார்கள். தீவனச் செலவுக்கு அதன்பின் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இரண்டு வயதுக்குப் பிறகு முட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு குறையுமே தவிர, ஒரே நாளில் நின்றுபோவதில்லை. இறகு உதிர்க்கும் காலத்திலும் 21 நாள் அடைகாக்கும்போதும் முட்டை இராது. அதைக் கண்டு கோழி ஓய்ந்துவிட்டதென்று அவசரப்பட்டு அறுத்தவர்களை நான் அறிவேன். (நானும் ஒருமுறை அறுத்திருக்கிறேன்.)

வாரந்தோறும் ஈர உமியை மட்டும் அகற்றிவிட்டு, மாதம் ஒருமுறை முழுவதையும் மாற்றித் தரையில் நீற்றுச் சுண்ணாம்பைத் தூவுகிறேன். நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால், அங்கே அம்மோனியா சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்று எரிந்தது. மாற்ற வேண்டிய நாளை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தேன்.

நான் முடிக்கும்வரை செவலை வாசற்படியில் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.