யாருக்கு ஏறிச்சு கூலி?

ஜூலை 14, 2025, திங்கள்

நாங்கள் பயிற்சிக்காக நடத்தும் மாணவர் பத்திரிகையான லேப் ஜர்னலின் இந்த மாத இதழில் மூன்றாம் பக்கம் எனக்கு வந்திருக்கிறது. எம்.ஏ. இதழியல் இரண்டாம் வருடத்தில் முழுப் பக்கம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்: விசைத்தறிக் கூலி உயர்வு, மூன்று மாதத்துக்குப் பிறகு.

மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் தறிகள் நின்றபோது தினமும் செய்தி வந்தது. ஏப்ரலில் பேச்சுவார்த்தை முடிந்து, சோமனூர் ரகத் துணிக்கு இத்தனை சதவீதம், மற்ற ரகங்களுக்கு இத்தனை என்று அறிவித்ததும் வந்தது. தறி மறுபடி ஓட ஆரம்பித்ததோடு செய்தி நின்றுவிட்டது. "செய்தி முடிஞ்சுதுன்னு எல்லாரும் கிளம்பின இடத்துல போய் நில்லுங்க" என்று மேடம் வகுப்பில் அடிக்கடி சொல்வார். அப்படி நிற்க எனக்கு எங்கள் ஊரே இருக்கிறது. சோமனூர் பக்கம்தான் எங்கள் வீடு. அப்பாவுக்கு எட்டுத் தறி. காலையில் கோவை காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி நோம்பி. தறிக்கு லீவு. காலையிலிருந்தே காற்று தகரத்தைத் தூக்கி அடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் இந்த ஆடிக் காற்றுக்கு எங்கள் ஊரில் துணி காயப்போட முடியாது.

பேட்டிகள் முடிந்தன. அப்பா, பக்கத்துத் தோட்டத்து மாமா, சங்கத்து ஆள் ஒருவர், பல்லடம் ரோட்டில் பத்துத் தறி வைத்திருக்கும் பெரியப்பா. நாலு பேரையும் போனில் ரெக்கார்ட் செய்தேன். ஷெட்டுக்குள் வைத்தால் ஒன்றும் பதிவாகாது என்று கதவைச் சாத்தி ஆபீஸ் அறையில் உட்கார வைத்தேன். ஒலி அவ்வளவு தெளிவு.

செய்தியின் தொடக்க வரிகளை, அதாவது இன்ட்ரோவை, மூன்று தடவை மாற்றிக் கடைசியில் இப்படி நின்றது: "சோமனூர் வட்டார விசைத்தறித் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கிடைத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு மாதம் போல நின்றுபோன தறிகளின் சத்தம் மீண்டும் ஊரை நிறைக்கிறது." எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மா ஒப்புட்டு (போளி) சுட்டுக்கொண்டிருக்கிறார். தின்றுவிட்டு அனுப்ப வேண்டும்.

ஜூலை 19, சனி

பக்கம் போட்டாயிற்று. நான் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடாக அடித்ததை அச்சகத்துக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் இடம் மாறி, "கொடுத்தார்" பல இடங்களில் உடைந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்த ராத்திரி எட்டாகிவிட்டது. தலைப்பு நாலு காலம், அதாவது நாலு பத்தி அகலம்: "கூலி உயர்ந்தது, நிமிர்ந்தனர் தறித் தொழிலாளர்".

ஜூலை 22, செவ்வாய்

தமிழ் இதழியல் வரலாறு வகுப்பு. 1882-இல் சுதேசமித்திரன், 1906-இல் பாரதி ஆசிரியராக இருந்த இந்தியா, 1925 மே 2-இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் குடியரசு. நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் அச்சகத்திலிருந்து வாரா வாரம் ஒரு பத்திரிகை வந்து, நாட்டையே வாதத்துக்கு இழுத்திருக்கிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. பிறகு 1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் செய்தி எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதுதான் அதன் பலம் என்றார் சார். மக்கள் வாயில் புழங்குகிற சொல்லையே எழுது என்பதை நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மத்தியானம் அச்சாகி வந்த ஜர்னலில் ஐந்து பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஒன்றை ஷெட் வாசலில் ஸ்டூல் மேல் வைத்திருந்தார். சாயங்காலம் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும்போது வரும் அமைதி தனி. காதை யாரோ கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

தறி ஓட்டும் அக்கா வெளியே வந்து, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, பேப்பரை எடுத்தார். சேலம் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர். எங்கள் ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். ஒரே ஆளாக நாலு தறி பார்ப்பார். ஓடுகிற தறியில் இழை அறுந்தால், சத்தம் மாறுவதை வைத்தே எந்தத் தறி என்று தெரிந்துகொண்டு போவார். எட்டாவது வரை படித்தவர். வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய, என் இன்ட்ரோவைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏனம்மிணி, தொழிலாளிக்குக் கூலி ஏறிச்சுன்னு போட்டிருக்குது?"

"ஆமாங்க்கா. ஏப்ரல்ல பேசி முடிச்சாங்கல்ல."

"அது மொதலாளிமாருக்கு ஏறினது கண்ணு. எங்களுக்கு எங்க ஏறிச்சு? போன தீவாளிக்கு மீட்டருக்கு என்ன வாங்கினனோ, அதேதான் இன்னைக்கும்."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத் தெரியாமல் இருக்கிறதே என்ற வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. பேப்பரை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டுக்கும் பெயர் கூலிதான். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்கிறார். அப்பா காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுக்கிறார். அதற்கு மீட்டர் கணக்கில் வருவது கூலி. அந்தக் கூலியிலிருந்து அப்பா அக்காவுக்குக் கொடுப்பதும் கூலி. மார்ச்சில் தறியை நிறுத்தியதும், ஏப்ரலில் ஏறியதும் முதல் கூலிக்கு. நான் இரண்டாவது கூலி ஏறியதாக எழுதிவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஷெட்டைப் பார்த்தவள் நான். வெளியூர் நிருபர் யாராவது எழுதியிருந்தால், தெரியாமல் எழுதினார் என்று சொல்லலாம்.

ராத்திரி நாலு பேட்டியையும் மறுபடி கேட்டேன். நாலு பேரும் தறி வைத்திருப்பவர்கள். சத்தமில்லாத அறையில் உட்கார முடிந்தவர்கள் மட்டுமே என் செய்தியில் பேசியிருக்கிறார்கள்.

ஜூலை 28, திங்கள்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "உங்க வீட்ல தறி இருக்குன்னு ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் தறி இருக்கிறது, அதிலென்ன என்றுதான் இருந்தேன். பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பிழை என்று தெரிந்தால் உடனே திருத்தம் போட வேண்டும் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது எனக்கென்று வரும்போது கை நடுங்குகிறது.

திருத்தத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "ஜூலை இதழின் மூன்றாம் பக்கச் செய்தியில், தொழிலாளர்களுக்குக் கூலி உயர்ந்ததாக வெளியானது தவறு. உயர்ந்தது, ஜவுளி உற்பத்தியாளர்கள் விசைத்தறி உரிமையாளர்களுக்குத் தரும் நெசவுக் கூலி. செய்தியை எழுதிய மாணவியின் குடும்பமும் விசைத்தறி நடத்துகிறது. இதைச் செய்தியிலேயே தெரிவித்திருக்க வேண்டும்."

அடுத்த இதழில் அதே மூன்றாம் பக்கத்தில், மேல் பகுதியில் போடச் சொன்னேன். தப்பு நாலு காலத்துக்கு வந்தது. திருத்தம் எட்டாம் பக்க மூலையில் ஒளிந்துகொள்ளக் கூடாது. புதிதாக ஒரு செய்தியும் எழுதித் தர அனுமதி கிடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வேப்பமரத்தில் தூரி கட்டி, ஒறம்பரையாக வந்த சொந்தக்காரக் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தனியாக இருந்த நேரம் பார்த்துத் திருத்தத்தைப் படித்துக் காட்டினேன்.

"ஏம்மிணி, நாம என்ன அவங்க கூலிய அமுக்கிட்டமா?"

அப்படிக் கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவரே கணக்கு நோட்டை எடுத்து வந்தார். தறி நின்ற மாதத்துக்கும் கட்டிய வங்கித் தவணை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஓடியதற்கு வந்த பில். தேய்ந்துபோன தறி பாகங்கள்: நாடா, அச்சு, பெல்ட். காகிதத்தில் எழுதிய ரேட் ஒன்று, எங்களுக்குப் பாவும் நூலும் கொடுப்பவர் உண்மையில் போடும் ரேட் இன்னொன்று. அது எனக்குச் செய்தி. பேட்டியின்போது அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரேட் உயர்ந்தது என்றதும் அது கைக்கு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

"கேட்டதுக்கு ஏத்தித் தரோணும்தான். இல்லீன்னு சொல்லல" என்றார் கடைசியில். கொஞ்ச நேரம் கழித்து, "எழுது. எம்பட கணக்கையும் சேத்து எழுது" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். தொழிலாளர் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்வி: விசைத்தறித் தொழிலுக்கு இப்போது அமலில் உள்ள குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, கடந்த மூன்று வருடத்தில் இந்த வட்டாரத்தில் எத்தனை ஷெட்டுகளில் ஆய்வு நடந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2005-ஆம் வருடத்துச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் பக்கம் போகாது, பரவாயில்லை. பதில் வந்ததும் தனிச் செய்தி.

சாயங்காலம் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போதுதான் அக்காவைப் பிடிக்க முடிந்தது. இந்தத் தடவை போன் இல்லை, நோட்டு மட்டும். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி, வரி வரியாகத் திருப்பிப் படித்துக் காட்டினேன். "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கறது" என்று நான் படித்ததும் நிறுத்தினார்.

"நிக்கறது இல்ல கண்ணு. நடக்கறது. தறிக்குத் தறி நடந்துட்டே இருப்பேன்."

அடித்துவிட்டு மாற்றினேன். உங்களுக்குச் சங்கடம் வரலாம், பெயர் போடாமல் "பெண் தொழிலாளி ஒருவர்" என்று எழுதிவிடுகிறேன் என்றேன்.

"மொதலாளிமாரு நாலு பேருக்கும் பேரு போட்டிருந்தியே."

அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அப்பாவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இன்ஷியல் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனார்.