பாவை மன்றத்தின் முன் அப்பத்தா

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் எந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் பூர்வீகப் பேச்சு எழுந்தாலும் அது காவிரிப்பூம்பட்டினத்தில் போய்த்தான் நிற்கும். கடல் பொங்கியதால் ஊரை விட்டுப் புறப்பட்டோம், அதனால்தான் கடல் எட்டாத இந்தச் செம்மண் காட்டுக்கு வந்து, தண்ணீர் புகுந்துவிடாதபடி வீட்டைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டினோம் என்று கானாடுகாத்தான் வீட்டு வளவில் அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படிச் சொன்ன அப்பத்தாவோ எண்பத்திரண்டு வயது வரை பூம்புகாரைப் பார்த்ததில்லை. அங்கே பல்லவனீச்சரம் சிவன் கோயிலில் நகரத்தார் நடத்தும் பட்டினத்தார் திருவிழாவுக்கு ஆடிதோறும் புறப்படுவார். ஆடிதோறும் ஏதாவது ஒன்று வந்து தடுத்துவிடும். இந்தத் தை மாதம்தான் வேளை வாய்த்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி.

இடிந்த சுவர்களோடு நம் ஊர் வீடுகளைப் போலவே பெரிய பெரிய மாளிகைகள் நிற்கும் என்று அவர் எண்ணியிருந்தார் போலும். பழைய நகரத்தின் எச்சம் என்று கண்ணுக்குக் கிடைப்பது கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனீச்சரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும் போன்ற சிலவே. கடற்கரையில் நாம் பார்ப்பது 1970களில் எழுந்த சுற்றுலாத்தலம்: 1973இல் கட்டிய ஏழு நிலை மாடமான சிலப்பதிகாரக் கலைக்கூடம், வெட்டவெளியில் நிற்கும் மன்றங்கள், சங்கும் சிப்பியும் போல வடிவமைத்த தங்கும் குடில்கள்.

"இது எந்த ராசா காலத்ததுடா?" என்று கேட்டார்.

"அப்பச்சிக்குக் கல்யாணம் ஆன காலத்தது, அப்பத்தா." எங்களில் அப்பச்சி என்றால் அப்பா.

அவருடைய முகம் சற்று வாடியது. ஆனாலும் கலைக்கூடத்துச் சுவரில் கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் புடைப்புச் சிற்பங்களுக்கு முன்னால் போனதும் ஏமாற்றம் மறந்துவிட்டது. அவர் முதலில் தேடியது கண்ணகியின் கழுத்தில் கழுத்துருவை, அதாவது நகரத்தார் கல்யாணத்தில் பூட்டும் பெரிய தாலியை. சிற்பி பூட்டியிருந்தவை பொதுவான ஆரங்கள். "செட்டி வீட்டுக் கல்யாணத்துல கழுத்துரு இல்லாம எப்படி?" என்று அருகில் நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படியே சொன்னார். சிலம்பு வந்ததும் விரலை நீட்டி, உள்ளே மாணிக்கமா முத்தா என்று வெளியிலிருந்து பார்த்து யாரால் சொல்ல முடியும், பாண்டியன் உடைத்துப் பார்த்திருக்க வேண்டியது தீர்ப்புக்கு முன்னால் அல்லவா என்று கேட்டார். கதையின் முடிச்சு அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது.

இந்தக் கலைக்கூடத்தை உருவாக்கியதில் முன்னின்ற வை. கணபதி ஸ்தபதி பிறந்தது 1927இல், எங்கள் பிள்ளையார்பட்டியில். மாமல்லபுரம் சிற்பக்கலைக் கல்லூரியை நடத்தியவரும், 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறந்த குமரிமுனை வள்ளுவர் சிலையை 133 அடிக்கு எழுப்பியவரும் அவரே. இதைச் சொன்னதும் அப்பத்தா நிமிர்ந்து, பிள்ளையார்பட்டி எங்கள் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று என்ற உரிமையோடு, அந்தச் சுவரை இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்து வந்தார்.

கருங்கல் சிற்பத்தை உச்சி வெயிலில் பார்க்கக் கூடாது என்பது அன்று எனக்குப் புரிந்தது. வெளியே வந்தபோது வெயில் சாய்ந்து, நிலமட்டத்தை ஒட்டி வந்த ஒளி உளி கொத்திய ஒவ்வொரு பொளியிலும் ஒரு சிறு நிழலை வைத்திருந்தது. நண்பகலில் இதே கல் சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரிந்திருக்கும். திறந்தவெளிச் சிற்பம் என்றால் எங்களுக்குக் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலின் மண்குதிரைகள்தாம். பிடிமண் கொடுத்து, வேளார் வனைந்து, சூளையில் சுட்டு, புரவியெடுப்பன்று தோளில் சுமந்துபோய் வைத்த குதிரை அதன்பின் மழைக்கும் வெயிலுக்கும் உரியது. காது உடைந்தாலும் கால் சரிந்தாலும் யாரும் ஒட்டவைப்பதில்லை; அடுத்த புரவியெடுப்புக்குப் புதிது வரும். கல்லைத் தடவிப் பார்த்த அப்பத்தா, இதற்கு அந்தக் கவலை இல்லை என்றார்.

சிலப்பதிகாரம் புகாரில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சொல்கிறது. அவற்றுள் இலஞ்சி, நெடுங்கல், பாவை ஆகிய மூன்றும் இங்கே கல்லில் எழுப்பப்பட்டிருக்கின்றன. கூனும் ஊமையும் தொழுநோயும் உடையவர்கள் மூழ்கினால் நலம் பெறும் பொய்கை இலஞ்சி. நஞ்சு உண்டவரும் பித்துப் பிடித்தவரும் வலம்வந்து தெளியும் ஒளிக்கல் நெடுங்கல். அரசன் கோல் கோணினாலும் அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும் வாய்திறந்து சொல்லாமல் கண்ணீர் மட்டும் உகுக்கும் உருவம் பாவை. கல்லூரியில் படித்தபோது இவற்றைப் புலவரின் கற்பனை என்று கடந்துபோனவன் நான். பாவை மன்றத்துப் படியில் உட்கார்ந்து, இங்கில்லாத பூதச் சதுக்கத்தின் கதையையும் சேர்த்துச் சொன்னேன்: பொய்த் தவசி, பொய்ச்சாட்சி சொன்னவன், புறங்கூறுபவன், பிறன் மனை நயப்பவன் என்று எல்லோரையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்து உண்ணும் என்று நான்கு காதம் கேட்கும் குரலில் அறிவித்துக்கொண்டு நின்றது அந்தப் பூதம்.

அப்பத்தாவுக்கு இதில் வியப்பே இல்லை. "கருப்பர்தானே?" என்றார். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்து, கருப்பர் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால், அதுவரை வாய் ஓயாமல் வாதாடியவன் பேசாமல் பணத்தை எடுத்துவைத்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு. அழகர்கோயில் பதினெட்டாம்படியார் கதவுக்கு முன்னால் அப்படி முடிந்த ஒரு நிலப் பஞ்சாயத்தை அன்றும் சொன்னார். உரையாசிரியர்களின் துணையோடு நான் படித்த பகுதியை அவர் நேரில் பார்த்து வளர்ந்திருக்கிறார். எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

அன்றிரவு சிப்பிக் குடிலில் தங்கினோம். கடலைப் பார்க்க வாருங்கள் என்றதற்கு, அது ஒருமுறை வந்து பார்த்தது போதும் என்று மறுத்துவிட்டார். விடியற்காலையில் அவரே என்னை எழுப்பினார். பாவையை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். தைப்பனியும் உப்புக்காற்றும் சேர்ந்து கல் முழுக்க ஈரமாக இருந்தது. தாடையிலிருந்து ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருடா கோலைக் கோணவிட்டது?" என்றார் அப்பத்தா. முந்தானையால் துடைக்கப் போனார். பீடம் வரைதான் கை எட்டியது. அதைத் துடைத்துவிட்டு, காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.