இரண்டாம் தடவையில் தேறினேன்: பிழைதிருத்தப் பகுதிக்கு ஒரே ஒரு பழக்கம்

வெப் நிரலாக்கத் தேர்வின் முடிவு நேற்று வந்தது. மதிப்பெண் 74. போன தடவை 38. இரண்டுக்கும் நடுவில் புதிதாக என்ன படித்தேன் என்று யோசித்தால் பெரிதாக எதுவும் இல்லை. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதேதான், சர்வரில் ஓடும் பிஎச்பி அதேதான். மாறியது ஒன்றுதான்: நிரலைத் தொடுவதற்கு முன்னால் பிரவுசர் எதை அனுப்பியது, என்ன பதில் வந்தது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்தேன்.

தேர்வு எப்படி நடக்கும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் அதை எழுதப்போகும் உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பகுதியைப் பற்றியும் பேசப்போவதில்லை, அதில் யாரும் விழுவதில்லை. ஆளைக் கவிழ்ப்பது, கொடுத்த நிரலில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பிழைதிருத்தப் பகுதி. ஐந்து கோளாறு, இரண்டு மணி நேரம். ஐந்துமே பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கும் சர்வரில் ஓடும் நிரலுக்கும் நடுவில்தான் இருக்கும்.

முதலில் போன தடவை நடந்த அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவுப் படிவம். பெயர், வயது, குறிப்பு. பட்டனை அழுத்தினால் ஃபெட்ச் (ஸ்கிரிப்ட் சர்வரோடு பேசும் கட்டளை) வழியாகச் சர்வருக்குப் போக வேண்டும். அழுத்தினேன். "பெயர் தேவை" என்று பதில் வந்தது. பெயரைத்தான் நிரப்பியிருக்கிறேனே! ஃபெட்ச் வரிக்கு மேலே மதிப்பை அச்சிட்டுக் காட்டும் ஒரு கன்சோல் லாக் போட்டேன். பெயர் அழகாக வந்தது. ஆக, ஸ்கிரிப்டில் ஏதோ சிக்கல் என்று நானே முடிவு கட்டினேன். (ஏன் அப்படி முடிவு கட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெயர் வந்தது என்றால் ஸ்கிரிப்ட் சரி என்றல்லவா தோன்றியிருக்க வேண்டும்?) எழுபது நிமிடம் போனது. ஐடியை மாற்றினேன், பதிலுக்குக் காத்திருக்கும் அவெய்ட்டை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் தென் போட்டேன், அப்புறம் தென்னை எடுத்துவிட்டு அவெய்ட் போட்டேன். கடைசியில் ஃபெட்சுக்கு முந்தைய பழைய முறையான எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்டில் முழுதும் திருப்பி எழுதினேன். அதே "பெயர் தேவை".

விஷயம் இவ்வளவுதான். ஸ்கிரிப்ட் அனுப்பியது ஜேசன் என்ற உரை வடிவத்தில். சர்வர் தேடியதோ, படிவத் தகவலைப் பிஎச்பி போட்டு வைக்கும் போஸ்ட் அர்ரேயில். அனுப்பும் தகவலின் வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப் சாதாரணப் படிவ வகையாகவோ, கோப்பு அனுப்பும் மல்டிபார்ட் வகையாகவோ இருந்தால்தான் பிஎச்பி அந்த அர்ரேயை நிரப்பும். ஜேசன் வந்தால் அதைத் தொடவே தொடாது, காலியாக வைத்துவிடும். எச்சரிக்கையும் கிடையாது. வந்த தகவலை அப்படியே தரும் இன்புட் ஸ்ட்ரீமை நாமே படித்து ஜேசன் டிகோட் செய்ய வேண்டும், இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் அர்ரேயாகக் கிடைக்கும். ஒரே வரி. வீட்டில் நான் பழகியதெல்லாம், படிவமாகவே கட்டி அனுப்பும் ஃபார்ம்டேட்டாவில். அதில் போஸ்ட் அர்ரே தானாக நிரம்பிவிடும். அதனால் இந்தப் பள்ளம் என் கண்ணில் பட்டதே இல்லை. சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் எக்ஸ்பிரஸ் வைத்து எழுதுகிறவர்களுக்கும் இதே பள்ளம் வேறு பெயரில் உண்டு: ஜேசனைப் பிரித்துத் தரும் மிடில்வேரைப் போடாவிட்டால் பாடியில் (ரிக்வெஸ்டின் உள்ளடக்கத்தில்) ஒன்றும் இருக்காது.

நெட்வொர்க் டேபில் அந்த ரிக்வெஸ்டைச் சொடுக்கி பேலோடை, அதாவது அனுப்பிய தகவலைப் பார்த்திருந்தால், பெயர் சுத்தமாகப் போயிருப்பது பத்து விநாடியில் தெரிந்திருக்கும். பிரவுசர் தன் வேலையை முடித்துவிட்டது, இனி அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். கன்சோல் லாக் காட்டுவது அனுப்புவதற்கு முன் கையில் இருந்ததை. போய்ச் சேர்ந்ததை அல்ல. அதிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஆப்ஜெக்டைக் கன்சோலில் விரித்துப் பார்த்தால் விரிக்கும் நேரத்து மதிப்பைக் காட்டும், லாக் செய்த நேரத்து மதிப்பை அல்ல.

சரி, இந்தத் தடவை என்ன செய்தேன் என்றால், கொடுத்த வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போட்டேன். போனது, சேர்ந்தது, திரும்பியது, கிடைத்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் இந்த நான்கையும் கண்ணால் பார்த்து எழுதும்வரை நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

போனது: நெட்வொர்க் டேபில் மெத்தட் (தகவலை அனுப்பும் போஸ்ட்டா, கேட்டு வாங்கும் கெட்டா), முகவரி, கன்டென்ட் டைப், பேலோட். பேலோடில் "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று சதுர அடைப்புக்குள் தெரிந்தால் ஜேசன் உரையாக மாற்றும் ஸ்ட்ரிங்கிஃபை மறந்துவிட்டது.

சேர்ந்தது: சர்வர் நிரலின் முதல் வரியில், வந்த மெத்தடையும் பாடியையும் பிழைப் பதிவுக் கோப்பில் எழுத வேண்டும். எக்கோ செய்யாதீர்கள், அதாவது பதிலில் அச்சிடாதீர்கள். அது பதிலோடு கலந்து இன்னொரு கோளாறை உண்டாக்கும்.

திரும்பியது: ரெஸ்பான்ஸ் டேப். ப்ரிவ்யூ டேப் அல்ல. அது அழகுபடுத்திக் காட்டும்.

கிடைத்தது: ஸ்கிரிப்டில் நேராக ஜேசனாக மாற்றாமல் முதலில் டெக்ஸ்ட்டாக வாங்கி லாக் செய்து, அப்புறம் பார்ஸ் செய்வது, அதாவது ஜேசனாகப் பிரிப்பது. பாடியை ஒரு தடவைதான் படிக்க முடியும். டெக்ஸ்ட்டாக ஒரு தடவை வாங்கிவிட்டு மறுபடி ஜேசனாகக் கேட்டால் அதுவே ஒரு பிழை.

எந்த இரண்டு கட்டத்துக்கு நடுவில் தகவல் கெட்டதோ அங்கேதான் கோளாறு. சட்டென்று பார்த்தவுடன் பிடித்துவிடுகிற கெட்டிக்காரர்களுக்கு இந்தத் தாள் எரிச்சலாக இருக்கும். நான் பதறுகிற ஆள். எனக்குக் கையில் எழுதினால்தான் மூளை நிற்கும்.

இனி இந்தத் தடவை வந்த ஐந்தும்.

முதலாவது, பட்டனை அழுத்தினால் நெட்வொர்க் டேபில் ஒன்றுமே தங்கவில்லை. ரிக்வெஸ்ட் மின்னி மறைந்தது. படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு வகை குறிப்பிடாவிட்டால் அது சப்மிட் பட்டன்தான். பக்கம் மறுபடி ஏறி, பாதியில் இருந்த ஃபெட்சைக் கொன்றுவிடுகிறது. அந்த சப்மிட்டைத் தடுக்கும் ப்ரிவென்ட் டீஃபால்ட் போட்டால் போதும். ஆனால் இதைப் பார்க்க வேண்டுமானால் "ப்ரிசர்வ் லாக்" என்ற கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும். தேர்வு அறையில் உட்கார்ந்தவுடன் செய்யும் முதல் வேலையாக அதையும் "டிஸேபிள் கேஷ்" என்பதையும் டிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திருத்திய நிரல் ஓடாமல் பழையது ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது எனக்குப் பிடித்த கோளாறு. போஸ்ட்டாக அனுப்புகிறேன், சர்வர் கெட் வந்தது என்கிறது, பாடி காலி. தாளில் "போனது" கட்டத்தை நிரப்பும்போதே பளிச்சென்று தெரிந்தது: ஒரு ரிக்வெஸ்ட் அல்ல, இரண்டு. முதலாவதுக்கு 301, அதாவது வேறு முகவரிக்குப் போ என்ற பதில். முகவரியின் கடைசியில் சாய்கோடு இல்லை, சர்வர் சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பி விடுகிறது. 301, 302 வந்தால் பிரவுசர் போஸ்ட்டைக் கெட்டாக மாற்றி பாடியையும் உதறிவிடும். 307, 308 என்றால் அப்படியே எடுத்துப் போகும். போன தடவையாக இருந்தால் இதில் ஒரு மணி நேரம் போயிருக்கும். இப்போது நான்கு நிமிடம்.

மூன்றாவதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கன்சோல் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் என்று கோண அடைப்புக்குறியைக் காட்டித் திட்டியது. ஜேசன் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்திருக்கிறது. ரெஸ்பான்ஸ் டேபில் பிஎச்பியின் எச்சரிக்கை வாசகம் ஜேசனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. எச்சரிக்கைக்குக் காரணமான மாறியைச் சரி செய்தேன். எச்சரிக்கையை மட்டும் மறைத்துவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நான்காவதில் தான் கேள்வி தயாரித்தவரின் குறும்பு தெரிந்தது. பதிவுகளின் பட்டியல் வர வேண்டும். ஆங்கிலக் குறிப்புள்ள பதிவுகள் மட்டும் இருக்கும்போது வருகிறது. தமிழில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் மொத்தப் பட்டியலும் காணாமல் போகிறது. ஸ்டேட்டஸ் 200, அதாவது வெற்றி. பிழைப் பதிவில் ஒன்றும் இல்லை. ரெஸ்பான்ஸ் டேப் வெறுமை. கன்சோலில் அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஜேசன் இன்புட். தாளில் "திரும்பியது" கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன், எனவே சர்வருக்குள்தான். உள்ளே, குறிப்பின் முதல் 50 பைட்டுகளை வெட்டி எடுக்க சப்ஸ்ட்ரிங் பயன்படுத்தியிருந்தார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "கி" என்றால் க மூன்று, இகரக் குறி மூன்று, மொத்தம் 6. இடைவெளிகளுக்கு ஒவ்வொரு பைட். ஐம்பதாவது பைட்டில் கத்தி விழும்போது ஏதோ ஒரு எழுத்து நடுவில் அறுபடுகிறது. அறுந்த எழுத்து ஒன்று இருந்தாலும் ஜேசன் என்கோட் மொத்த அர்ரேயையும் மறுத்து ஃபால்ஸ் தரும். ஃபால்ஸை எக்கோ செய்தால் எதுவும் அச்சாகாது. அவ்வளவு அமைதியாக எல்லாம் செத்துப்போகிறது! பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணி வெட்டும் எம்பி சப்ஸ்ட்ரிங் போட்டதும் பட்டியல் வந்தது. அதிலும் "கி" வெட்டுப்பட்டு "க" ஆகலாம், ஆனால் ஜேசன் உடையாது. அதையும் சரி செய்ய முழு எழுத்தாக எண்ணி வெட்டும் கிராஃபீம் சப்ஸ்ட்ரிங் இருக்கிறது, நேரம் கருதி விட்டுவிட்டேன். இதோடு இன்னொன்று: ரெஸ்பான்ஸ் டேபில் தமிழ் எழுத்துக்குப் பதில் பின்சாய்கோடும் "0பி95" மாதிரிக் குறியீடுகளும் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், அது க. பிழை அல்ல, பார்ஸ் செய்தால் தமிழாகிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் அதைத் திருத்த அரை மணி நேரம் போராடியதாக வெளியே வந்து சொன்னார்.

ஐந்தாவதுக்குப் போவதற்கு முன், வராத ஆனால் நான் பழகி வைத்திருந்த சில:

- 404 (கேட்டது இல்லை), 500 (சர்வரில் பிழை) வந்தாலும் ஃபெட்ச் பிழையைப் பிடிக்கும் கேட்ச்சுக்குள் போகாது. வெற்றியா என்று ஓகே பண்பைப் பார்க்க வேண்டும். 200 முதல் 299 வரைதான் அது உண்மை.
- ஃபார்ம்டேட்டா அனுப்பும்போது கன்டென்ட் டைப்பை நீங்கள் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி இல்லாமல் போய் சர்வரால் பிரிக்க முடியாது.
- நேம் இல்லாத இன்புட் போகாது. டிக் செய்யாத செக்பாக்ஸும் போகாது. டிஸேபிள் செய்ததும் போகாது.
- படிவத்தில் "ஃபால்ஸ்" என்று போவது ஒரு சொல். பிஎச்பி அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.
- கெட் முகவரியில் கூட்டல் குறி இடைவெளியாகிவிடும், ஆம்பர்சாண்ட் வந்தால் மதிப்பு இரண்டாக உடையும். மதிப்பை என்கோட் யூஆர்ஐ காம்பொனென்ட் வழியாக மாற்றி அனுப்புங்கள்.
- 9007199254740991க்கு மேற்பட்ட எண்ணை ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக நம்பாதீர்கள். நீண்ட ஐடியைச் சொல்லாக அனுப்புங்கள்.
- பெரிய கோப்பு அனுப்பினால் போஸ்ட்டும் ஃபைல்ஸும் இரண்டுமே காலியா? போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற வரம்பைத் தாண்டியிருக்கும். பிஎச்பியில் வழக்கமாக 8 எம்பி.

கோர்ஸ் (ஒரு முகவரியில் திறந்த பக்கம் வேறு முகவரியின் பதிலைப் படிக்க அந்தச் சர்வரின் அனுமதி வேண்டும் என்ற பிரவுசர் விதி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நண்பர்கள் எல்லோரும் விழுவது அதில். கன்சோலில் அதன் சிவப்புப் பிழை வாசகத்தைப் பார்த்ததும் ஃபெட்சின் ஹெடரில் அனுமதி வரியைச் சேர்க்கிறார்கள். அனுமதி கொடுக்க வேண்டியது சர்வர். கேட்கிறவனே தனக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்ள முடியாது. நோ-கோர்ஸ் என்று போடுகிறவர்களும் உண்டு. சிவப்பு போய்விடும், கூடவே பதிலைப் படிக்கும் உரிமையும் போய்விடும். சாதாரணப் படிவ வகையில் அனுப்பியது சர்வரைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, பதிவும் ஆகிவிடுகிறது, பதிலைத்தான் பிரவுசர் மறைக்கிறது. அதனால்தான் நாலு தடவை அழுத்தினால் நாலு வரிசை டேபிளில் உட்கார்ந்திருக்கும். ஜேசன் என்றால் முதலில் அனுமதி கேட்கும் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் போகும், அதற்குச் சரியான பதில் வராவிட்டால் போஸ்ட் கிளம்பவே கிளம்பாது. சில சமயம் உண்மையான பிழை 500ஆக இருக்கும். அந்தப் பிழைப் பக்கத்தில் அனுமதி ஹெடர் இல்லாததால் கோர்ஸ் என்று வேஷம் போடும். ரிக்வெஸ்டை வலச் சொடுக்கில் கர்ல் கட்டளையாக நகலெடுத்து டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கே கோர்ஸ் கிடையாது, சர்வர் உண்மையில் என்ன சொன்னது என்று வெளியே வந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஐந்தாவதில் கோட்டை விட்டேன். லாகின் பக்கம் சாதாரணப் படிவம், நன்றாக வேலை செய்தது. உள்ளே போய் ஃபெட்ச் செய்தால் 401, அதாவது லாகின் செய்யவில்லை என்ற பதில். மீதி 35 நிமிடம். லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் குக்கி போகவில்லை என்று "போனது" கட்டத்தில் எழுதினேன். அதுவரை சரி. குக்கியையும் அனுப்பச் சொல்லும் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட் போட்டேன். எல்லோருக்கும் அனுமதி என்ற நட்சத்திரக் குறியோடு குக்கி அனுப்ப முடியாது என்று கோர்ஸ் தடுத்தது. சர்வரில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு முகவரியை முழுதாக எழுதினேன், கிரெடென்ஷியல்ஸ் அனுமதியையும் சேர்த்தேன். கோர்ஸ் அடங்கியது. 401 அப்படியே. மணி அடித்துவிட்டது.

இரவு வீட்டில் அதே அமைப்பைத் திரும்ப உண்டாக்கி, தாளை மறுபடி பார்த்தேன். "போனது" கட்டத்தில் முகவரியை நானே என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்: 127.0.0.1. பக்கம் திறந்திருந்தது லோக்கல்ஹோஸ்ட்டில். குக்கி இருந்தது லோக்கல்ஹோஸ்ட் பெயரில். இரண்டும் ஒரே கணினிதான், ஆனால் பிரவுசருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஸ்கிரிப்டில் முகவரியின் முன்பாதியை அழித்து, வெறும் பாதையை மட்டும் விட்டேன். உடனே ஓடியது. கோர்ஸுக்காக நான் சேர்த்த மூன்று வரியும் வேண்டியதே இல்லை.