மஞ்சள் கொழுப்பு

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையார் ஒருவர், கொழுப்பு மஞ்சளாக இருப்பதால் அது கிழட்டு மாடு என்று முடிவு செய்து, வெள்ளைக் கொழுப்புள்ள துண்டைக் கேட்டு வாங்கிச் சென்றார். மாட்டுக்கு வயதேறினாலும் கொழுப்பு மஞ்சளாகும் என்பதால் அவர் சொன்னது முழுத் தவறன்று. ஆனால் அந்த நிறம் பச்சைப்புல்லிலுள்ள கரோட்டின் என்ற நிறமி கொழுப்பில் படிவதால் வருவது. புல்லை மட்டும் தின்று வளர்ந்த இளங்காளைக்கும் அது உண்டு. மலாயில் எருமைப் பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றோர ஈரநிலத்துப் புல்லை நம்பி மாட்டு வணிகம் நடந்த இடத்தில் நின்றுகொண்டு, புல்லின் நிறத்தை நாம் மறந்துவிட்டோம். அவர் வேண்டாமென்ற துண்டை நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்கும் இது மச்சானால்தான் தெரியும். அக்காவும் அவரும் மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்குத் தெற்கே மஞ்சிமப் பக்கம், 40 ஹெக்டரில் ஆங்கஸ் என்ற இறைச்சி இன மாடுகள் வளர்க்கிறார்கள். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவது எங்கள் வழக்கம்.

காயடித்த காளையை வளர்ப்பது கடினமன்று, அதைக் கொழுக்க வைத்து முடிப்பதே கடினம் என்பார் மச்சான். மாட்டின் உடலில் முதலில் எலும்பும் பிறகு தசையும் வளர்ந்து, தசைக்குள் ஓடும் கொழுப்பு கடைசியாகவே சேர்கிறது. அந்தக் கடைசி மூன்று மாதம் நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவில் எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். தானியம் போடுகிறவருக்கு அது எந்த மாதத்திலும் நடக்கும். புல்லை நம்பியவருக்கோ, குளிர்கால மழை முடிந்து ரைகிராஸ் புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் தழைக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் வாய்ப்பு. பூத்துத் தண்டு முற்றிவிட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. 500 கிலோ காளை நாளொன்றுக்கு 60 கிலோ பச்சைப்புல் தின்னும். அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் தண்ணீர்.

ஆகவே அவர் மாட்டைப் பார்ப்பதைவிடப் புல்லையே அதிகம் பார்க்கிறார். ரைகிராஸின் ஒவ்வொரு தூரிலும் மூன்றாம் இலை விரிந்த பிறகே மின்வேலியை நகர்த்தி மாடுகளை உள்ளே விடுகிறார். நான்காம் இலை வரும்போது முதல் இலை காய்ந்து வீணாகிறது. நான்கு விரல் உயரத்துக்குப் புல் குறைந்ததும் அடுத்த பகுதிக்கு மாற்றிவிடுகிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், உதவுகிற நினைப்பில், பனி காயாத காலையில் பசித்திருந்த மாடுகளைக் குளோவர் மண்டிய பகுதிக்குள் நானே திறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு காளையின் இடப்பக்க வயிறு உப்பி, தட்டினால் தவில் போல ஒலித்தது. வயிற்றுக்குள் நுரை கட்டி, ஏப்பம் வெளியேற முடியாமல் மூச்சு முட்டும் உப்புசம் அது. மச்சான் காளையின் வாயைத் திறந்து சமையல் எண்ணெயை ஊற்றி, மெல்ல நடக்கவிட்டுக் காப்பாற்றினார். என்னைத் திட்டவில்லை. "முதல்ல காஞ்ச புல்லு போட்டுட்டுத் திறக்கணும் தம்பி" என்றதோடு சரி. அக்காதான் மாலைவரை திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு போனபோது, காளை கொழுத்துவிட்டதா என்று அறிய வாலடியின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மேலும் விரலை அழுத்திப் பார்க்க மச்சான் கற்றுத் தந்தார். எலும்பு சட்டென்று தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. விரலுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தென்று ஒரு படலம் நெளிந்தால் லாரிக்குச் சொல்லலாம். லாரியில் ஏற்றும்போது விரட்டவோ கத்தவோ விடமாட்டார், ஏனெனில் மிரண்ட மாட்டின் இறைச்சி கறுத்து, விலை போகாது. நான் தொட்ட ஏழு காளைகளில் நான்கு தயாராகிவிட்டன என்றேன். அவர் மறுபடி தொட்டுப் பார்த்து, இரண்டுதான் என்றார்.