மாவு வெடிக்குது

2022 மார்ச் 28
கொரியன் டொக்போக்கி (கார சாஸ்ல அரிசிக் கொழுக்கட்டை) கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வாடகை 22,000, பத்து மாசத்துக்கு 2,20,000. என் பொண்டாட்டியோட எட்டு பவுன் ஆரம் பேங்க்குக்குப் போயிடுச்சு. கையெழுத்துப் போடும்போது அவ என் பக்கம் திரும்பல, மேஜை மேல இருந்த காலண்டரையே பார்த்துட்டு இருந்தா. மூணே மாசம்னு சொன்னேன்.

ஏப்ரல் 5
மாவு வெடிக்குது.

ஏப்ரல் 8
இன்னைக்கும் வெடிச்சுது. ராத்திரி ஊறப் போட்டு, ஈர மாவா அரைச்சு, இட்லிப் பானைல அவிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள உரல்ல இடிச்சு, முறுக்கு அச்சுல பிழியறேன். அச்சுத் தட்டை லேத்துல கொடுத்து கட்டைவிரல் கனத்துக்கு ஒரே ஓட்டையா போட்டு வாங்கினேன். பிழிஞ்ச உடனே வாயில போட்டா அமிர்தம். மறுநாள் காலைல வளைச்சா சாக்பீஸ் மாதிரி படக். கொரியாக்காரங்க டொக்கும், அதான் அந்த அரிசிக் கொழுக்கட்டையும், மறுநாள் கெட்டியாகும்தான், ஆனா வெந்நீர்ல போட்டா உயிர் வந்துடும். ஸ்ரீபெரும்புதூர் கெஸ்ட் ஹவுஸ்ல ஏழு வருஷம் தினம் பார்த்திருக்கேன். அவங்க அரிசி குட்டை, குண்டு, பசை ஜாஸ்தி. நம்ம அரிசி சோறா உதிரணும்னே பொறந்தது. மூணு பங்குக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவு சேர்த்தா வெடிப்பு குறையுது, ஆனா அரிசி வாசனை போயிடுது.

கெஸ்ட் ஹவுஸ் சஜாங்னிமுக்கு (முதலாளிக்கு) வாய்ஸ் மெசேஜ் போட்டேன். 2020-ல ஸ்பெஷல் ஃப்ளைட்ல ஊருக்குப் போனவங்க, திரும்பி வரல. "ஜோல்கித் ஜோல்கித்னு இருக்கணும்"னு பதில். அது எனக்கும் தெரியுது. தமிழ்ல ஜவ்வுன்னு சொன்னா திட்டுற மாதிரி இருக்கு.

ஏப்ரல் 14
திறந்தாச்சு. பூசணிக்காய் உடைச்சோம். அம்மா ஒரு வாய் எடுத்து மென்னுட்டு, "காரக் கொழுக்கட்டைல சக்கரையைக் கொட்டிட்டியேடா". 11 பிளேட்.

இப்போதைக்கு பாக்கெட் டொக்தான்.

ஜூன் 14
சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு காலேஜ் பொண்ணுங்க ஒரே போனைச் சுத்தி உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாங்க. வீட்டுல யாருக்கோ என்னமோன்னு பதறிட்டேன். கொரியப் பாட்டுக் குழு பிடிஎஸ் இனி தனித்தனியா பாடப் போறாங்களாம். என்ன சொல்றதுன்னு தெரியல, ஓமுக் (மீன் கேக்) குழம்பு நாலு கப் ஊத்திக் கொடுத்தேன். சோல்ல தெருக் கடைல அதுக்குக் காசு வாங்க மாட்டாங்கன்னு கெஸ்ட் ஹவுஸ்ல சொல்வாங்க. ஒருத்தி மூக்கை உறிஞ்சிட்டே ரெண்டாவது கப் கேட்டா.

ஆரம்: மூணு மாசம் ஆச்சு. அவ கேட்கல.

செப்டம்பர் 1
கால் வீங்கியிருக்கு, சுருக்கமா எழுதறேன். பிடிஎஸ் ஜங்குக் பிறந்தநாள். அந்த நாலு பொண்ணுங்கதான் ஏற்பாடு. ஊதா பலூன், அவன் முகம் அச்சடிச்ச கப் உறை 300. பிளாட்ஃபாரம் வரைக்கும் க்யூ. 143 பிளேட். கிம்பாப், கூல்டிரிங்க் எல்லாம் சேர்த்து 31,460. அவ ரெண்டு தடவை எண்ணினா, ரெண்டாவது தடவை வாய்விட்டு.

கடைல வேலை பார்க்கற தம்பிகூட செல்ஃபி எடுக்க ஒரு தனி க்யூ. "ஆர் யூ கொரியன்?"னு கேட்டா சூராசாந்த்பூர்னு சொல்றான். அது மணிப்பூர்ல இருக்கு, இவங்க சோல் பக்கத்துல எங்கேயோன்னு நினைச்சுக்கறாங்க, விட்டுட்டான்.

ஹவுஸ் ஓனர் எதிர்த்த பக்கம் நின்னு க்யூவைப் பார்த்துட்டுப் போனார்.

செப்டம்பர் 24
புரட்டாசி முதல் சனி. ஓமுக் ஒண்ணுகூடப் போகல. கடல்பாசியும் முள்ளங்கியும் மட்டும் போட்டு சைவக் குழம்பு தனியா வெச்சேன், அதையும் முகர்ந்து பார்த்துட்டு மீன்னு சொல்றாங்க.

ராத்திரி ஒன்பதுக்கு ஒரு கொரியாக்காரத் தாத்தா வந்தார். டொக்போக்கி பக்கம் கண்ணே போகல. ஓமுக் ரெண்டு குச்சி, குழம்பு ஒரு கப். ஊதிக்கூட குடிக்கல. குடிச்சு முடிச்சுட்டு "சிவோன்ஹாதா"ன்னார். நேரா அர்த்தம் சொன்னா குளிர்ச்சியா இருக்குன்னு. கொதிக்கக் கொதிக்கக் குடிச்சுட்டு! தம்பி சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல, அம்மா சொல்ற வயிறு குளிர்ந்தது அதேதான்.

நவம்பர் 12
வீடியோ எடுக்க வந்த பையன், இது ராஜா காலத்து சாப்பாடாமேன்னு கேட்டான். அரண்மனைல செஞ்சது சோயா சாஸ் போட்டது, இந்தச் சிவப்பு கொரியச் சண்டைக்கு அப்புறம் வந்தது, 1953-ல சோல் சிந்தாங்-தோங்ல மா போக்-ரிம்னு ஒரு அம்மா கோச்சுஜாங் மிளகாய் விழுது கலந்து வித்ததா சொல்வாங்கன்னேன். அப்புறம் அரிசிப் பஞ்சம், அரசாங்கமே கோதுமை சாப்பிடுங்கன்னு சொல்லி, அமெரிக்க மாவு வந்து, டொக்கே கோதுமைல செஞ்சாங்க. இந்தக் கடை வகைக்கே பூன்சிக்னு பேரு, மாவுச் சாப்பாடு. அம்மா வெங்காயத்தாள் நறுக்கிட்டே, அண்ணா ஆட்சில ரூபாய்க்குப் படி அரிசி போட்டப்ப சைதாப்பேட்டைல அவங்க அப்பாகூட க்யூல நின்னதைச் சொன்னாங்க. முக்கால் மணி நேரம் பேசினோம்.

வீடியோ வந்திருக்கு. 40 செகண்ட். சீஸ் இழுக்கறது மட்டும்.

2023 ஜனவரி 20
ஏப்ரல்லேருந்து வாடகை 28,000.

பிப்ரவரி 3
கொரியாவுலயும் அம்மா அப்பான்னுதான் சொல்வாங்க தெரியுமான்னு ஒருத்தர். இந்த வாரம் நாலாவது ஆள். தெரியும் சார்.

மார்ச் 19
இதே ரோட்ல மூணாவது கொரியன் கடை. கார்ன் டாக் 99 ரூபா. அவங்க போர்டுல நம்ம பிளேட்டோட போட்டோ, ஓரத்துல என் கட்டைவிரல் தெரியுது. டெலிவரி ஆப்ல நாங்களும் பாதி விலை போட்டாத்தான் மேல தெரியுமாம். 180 ரூபா பிளேட்ல கமிஷன், தள்ளுபடி, பெட்டி போக 71 ரூபா வருது. சீஸே 40.

மே 5
தம்பி போன்ல ஒத்தை டிக்தான் விழுது, முந்தாநாள்லேருந்து. அவன் ஊர்ல கலவரம், நெட்டை நிறுத்திட்டாங்க. அடுப்புகிட்ட வேண்டாம்னு சொன்னேன், கேட்கல, மூணு மணி நேரம் வெங்காயத்தாள் நறுக்கினான். ரெண்டு நாளைக்குப் போதும்.

மே 11
அவன் அம்மா அப்பா கேம்ப்ல இருக்காங்களாம். கிளம்பிட்டான். எங்கே போய்ச் சேருவேன்னு தெரியல அண்ணான்னான். சம்பளமும் மேல கொஞ்சமும் கொடுத்தேன். கப் உறை ஒண்ணு எடுத்துக்கிட்டான், தங்கச்சிக்காம்.

ஜூலை 30
ஆரத்துக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வெச்சாச்சு. மாசம் 2,250.

செப்டம்பர் 1
பலூன் இல்ல. அந்தப் பொண்ணுங்க காலேஜ் முடிச்சுட்டாங்க. ஒருத்தி மட்டும் பெங்களூர்லேருந்து மெசேஜ் போட்டா: "அண்ணா, அந்தக் குழம்பு இருக்கா?" 9 பிளேட்.

அக்டோபர் 17
மாவு. சீரகச் சம்பாவை வீணடிச்சேன். அவ வெடிச்சதையெல்லாம் கடுகு தாளிச்சு உப்புமா மாதிரி கிளறிட்டா. நல்லாத்தான் இருந்தது, அதுதான் கடுப்பு.

நவம்பர் 28
தாத்தா வந்தார். கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார். ஒண்ணும் சொல்லல. உப்பு கூடிப்போச்சோ?

டிசம்பர் 4
மழை. கரண்ட் இல்ல.

டிசம்பர் 5
கடைக்குப் போக முடியல. ஃப்ரீசர்ல 40 கிலோ.

டிசம்பர் 7
வேளச்சேரி மெயின் ரோட்ல இன்னும் படகு போகுது. இடுப்பளவு தண்ணில நடந்தே போனேன். ஷட்டரைத் தூக்கினதும் முதல்ல வந்தது வாசனைதான், கோச்சுஜாங்கும் சாக்கடையும். சிவப்பு டப்பா ரெண்டு மிதந்துட்டு இருந்துச்சு, மூணாவது எங்கேன்னு தெரியல, அப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரர் அவர் வாசல்ல ஒதுங்கியிருந்ததை எடுத்து வந்து கொடுத்தார். ஃப்ரீசர் மல்லாந்து கிடக்கு. டொக் பாக்கெட் எல்லாம் ஊதி தலையணை மாதிரி. கப் உறை மிச்சம் இருந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டையா ஆயிடுச்சு. பிரிக்கப் பார்த்தேன், ஜங்குக் மூக்கு மட்டும் தனியா வந்துச்சு. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்து பிரிச்சேன்னு தெரியல. அவ போன் பண்ணி, விட்டுட்டு வாங்கன்னா.

முறுக்கு அச்சு மேல் ஷெல்ஃப்ல இருந்துச்சு. ஒண்ணும் ஆகல.

டிசம்பர் 8
இன்ஷூரன்ஸ் எடுக்கலையான்னு எல்லாரும் கேட்கறாங்க. எடுக்கல. போதுமா.

2024 ஜனவரி 31
சாவி கொடுத்தாச்சு. ரெண்டு மாச வாடகை பாக்கி, பெயின்ட் அடிக்க ஒரு மாசம், மொத்தம் 84,000 பிடிச்சுட்டு 1,36,000. பேங்க்ல அசல் 2,25,000. 89,000 துண்டு விழுது. பவுன் 38,000-த்துக்குப் பக்கத்துல இருந்தப்ப வெச்சது, இப்போ 46,000-த்தைத் தாண்டிடுச்சு, வித்துடுவோமான்னு அவதான் கேட்டா. நான் கேட்டிருக்கணும்.

பிப்ரவரி 4
ஜெராக்ஸ் கடைக்கு சும்மா போன் போட்டேன். தாத்தா வந்தாரான்னு கேட்டேன். எந்தத் தாத்தான்னார்.

பிப்ரவரி 11
அடுப்பு வாங்க வர்றவர் நாலு மணின்னார். ஆறரை ஆச்சு. ரெண்டு படி பச்சரிசி ஊறப் போட்டிருக்கேன். மரவள்ளி இல்லாம.