தம்பியின் ரத்தத்தில் தேடியது

டீ டம்ளர் தம்பி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவனுக்கு வலது கை வரவில்லை; வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வயது 42. அப்பாவுக்கும் 49-இல் இதே பக்கவாதம் என்பதால், "கொஞ்சம் படுக்கட்டும்" என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் இல்லாதவனுக்கு ஏன் வந்தது? அப்பாவைப் பற்றிக் கேட்ட டாக்டர், இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதினார்.

ஒன்று, உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆஸ்பத்திரியில் எடுத்ததில் 18 என்று வந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். "பக்கவாதம் வந்தாலே இது ஏறும், சளிக்கும் ஏறும். மூன்று மாதம் போகட்டும்" என்றார். மூன்று மாதம் கழித்து வெளியே ஒரு லேபில் எடுத்தோம். '6-க்குக் கீழ்' என்று மட்டும் ரிப்போர்ட். அவர்கள் செய்தது சாதாரண சி.ஆர்.பி. எங்களுக்கு வேண்டியதோ 1, 3 என்று நுணுக்கமாக அளக்கும் 'ஹை சென்சிட்டிவிட்டி' வகை. சீட்டில் அது தெளிவாகவே இருந்தது. தம்பி மறுபடி கையை நீட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை 3.4. மூன்றுக்கு மேல் என்றால் அதிகம்தான்.

இன்னொன்று, ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ. 50-ஐத் தாண்டக் கூடாது, இவனுக்கு 112. இதன் அளவைப் பெரும்பாலும் ஒரே மரபணுதான் தீர்மானிக்கிறதாம். பத்தியம் இருந்தாலும் நடந்தாலும் அவ்வளவாக இறங்காது. கொழுப்போடு அழற்சியைத் தூண்டும் பொருளையும் சேர்த்துச் சுமந்துபோய் ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. அப்புறம் அங்கே புண்ணாகி, அடைப்பு. அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இத்தனை வருடமாக அப்பா சாப்பிட்ட எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரிய ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ரத்த அளவே போதும், பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் சரி என்றார். தம்பிக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் தொடர்கின்றன. இப்போது டம்ளரை வலது கையிலேயே பிடிக்கிறான்.

நானும் லிப்போபுரோட்டீன்-ஏ எடுத்துப் பார்த்தேன்: 96. மகளுக்கு 14. அக்கா பிள்ளைகள் இருவருக்கும் அடுத்த வாரம் எடுக்கிறோம்.