மூங்கில் குழாயில் ஒன்று, மண்ணில் ஒன்று: தனித்தேனீக்களுக்கு இடம் செய்த அனுபவம்

உலகில் அறியப்பட்டுள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் கிடையாது, வேலைக்காரத் தேனீக்களும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடமைத்து, தானே இரை சேர்த்து, முட்டையிடுகிறது. இவையே தனித்தேனீக்கள். துவரையும் கத்தரியும் பயிரிட்டுள்ள என் வீட்டுத் தோட்டத்தில் இவற்றுக்கு இடம் செய்து கொடுத்ததில் இதுவரை கண்டவை இவை.

காய்ந்த மூங்கிலை ஒருபுறம் கணு அடைத்திருக்கும்படி அறுத்து, உள்விட்டம் 6 முதல் 10 மி.மீ. வரையுள்ள குழாய்களைத் தேர்ந்தெடுத்து, சிலாம்பு சிறகைக் கிழிக்காதபடி வாயை உப்புத்தாளால் தேய்த்தேன். கட்டாகக் கட்டி, சாரல் படாமல் காலை வெயில் மட்டும் விழும் தாழ்வாரத்தில் ஆடாதவாறு பொருத்தினேன்.

முதலில் குடியேறியவை குளவிகள். சேற்றால் அடைத்த அக்குழாய்களை அப்படியே விட்டுவிட்டேன். செடியைத் தின்னும் புழுக்களைப் பிடிப்பவற்றை விரட்டுவானேன்?

ரோஜா இலைகளின் ஓரத்தில் கத்தரித்தாற்போல் வளைவுகள் தென்பட்ட பிறகே இலைவெட்டித் தேனீ வந்திருப்பது தெரிந்தது. இலையின் விளிம்பைக் கால்களால் பற்றிக்கொண்டு தாடையால் வெட்டிக்கொண்டே போய், துண்டு பிரியும் கணத்தில் அதனோடு பறந்துவிடுகிறது. நீள் துண்டுகள் அறையின் சுவராகவும் வட்டத் துண்டுகள் மூடியாகவும் அமைகின்றன. அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. பெண்ணாகப் போகும் முட்டைகளை உள்ளேயும் ஆண் முட்டைகளை வாய்ப்பக்கத்திலும் இடுவதால், முதலில் வெளிவரும் ஆண்களுக்கு வழி தடைபடுவதில்லை. இது மகரந்தத்தைச் சுமப்பது காலில் அன்று, வயிற்றின் அடிப்புற மயிர்களில். துவரைப் பூவில் அமர்ந்து கீழிதழ்களை அழுத்தும்போது வெளிப்படும் மகரந்தம் நேராக அங்கேதான் ஒட்டுகிறது.

கத்தரியின் கதை வேறு. அப்பூவில் தேன் இல்லை. மகரந்தமும் பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். நீலவரித் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு பறப்புத் தசைகளை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. ஆனால் நீலவரித் தேனீ மூங்கிலைத் திரும்பியும் பார்ப்பதில்லை, அது மண்ணைக் குடைந்து வாழ்வது. ஆகவே, மூங்கில் குழாய்களைவிட, சிமென்ட் பூசாத ஒரு துண்டு நிலமே பெரிய உதவி என்பது என் கணிப்பு. சுற்றுச்சுவரோரம் கொத்தாமல், தழை மூடாமல் ஓர் இடத்தை விட்டிருக்கிறேன். பக்கத்தில் செம்மண்ணும் மணலும் குழைத்த கட்டி ஒன்றில் விரலளவுத் துளைகள் இட்டுக் காய வைத்திருக்கிறேன்.